வாழ்ந்தது போதும், நடிக்கலாம்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தைப் பற்றி எழுதினேன். கதை பற்றி மூன்று பத்தி, ஒளிப்பதிவு பற்றி ஒரு பத்தி, படத்தின் சாதி அரசியல் பற்றி இரண்டு பத்தி. அதில் நடித்தவரைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்தபோது என் கையில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: 'அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்.' எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

கட்டுரை வெளியான அன்று ராத்திரி ஊர்க்கார நண்பன் போன் செய்தான்.

"படிச்சேன் மச்சான். அவரு வாழ்ந்தாரு, சரி. என்னா பண்ணாரு?"

"என்னா பண்ணாருன்னா? நல்லா பண்ணாருடா."

"அதான் கேக்குறேன், என்னா பண்ணாரு? கைய எங்க வச்சாரு? யாரப் பாத்தாரு, யாரப் பாக்காம விட்டாரு? நீ கோடிங் பண்றவன்தான? ஒருத்தன் எழுதுன புரோகிராமுக்கு 'நல்லா ஓடுது'ன்னு ரிவ்யூ எழுதுனா உங்க ஆபீஸ்ல விடுவாங்களா?"

விட மாட்டார்கள். எந்த வரி எதற்காக இருக்கிறது, வேறு மாதிரி எழுதியிருக்க முடியுமா என்று கேட்பதுதான் ரிவ்யூ. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த பதிலைத் தேடி எழுதுவது.

*

நண்பனும் நானும் கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள். விருத்தாசலத்தை ஒட்டிய ஊர். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ரயில்வே ஜங்ஷன், பழமலைநாதர் கோயில். எங்களுக்கு அது பீங்கான் ஊர். கப், சாசர், கொலு பொம்மை, கரண்டுக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் குமிழ் எல்லாம் அங்கே சூளையில் வெந்து வரும். பள்ளி லீவில் எங்கள் வயசுப் பையன்கள் பாதிப் பேர் பொம்மைக் கம்பெனியில் ஏதாவது எடுபிடி வேலைக்குப் போவார்கள். அவனும் போனான்.

நான் இன்ஜினியரிங் முடித்து ஐடி வேலைக்கு வந்தேன். அவன் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகம் முதுகலை சேர்ந்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அவன் அம்மா கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது: "நடிக்கிறதுக்கு எதுக்குடா காலேஜி? ஊட்ல நீ நடிக்கிறது பத்தாதா?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் என் பங்குக்கு, "மூஞ்சி இருந்தா சான்ஸ் கெடைக்கும், இல்லன்னா டிகிரி வாங்கி என்னா பண்ணுவ?" என்றேன். நடிப்பு என்பது பிறவியில் வருவது, வராதவனுக்குச் சொல்லித் தர முடியாது என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன். 'வாழ்ந்திருக்கிறார்' என்ற வாக்கியமும் இந்த நம்பிக்கையிலிருந்து வருவதுதான். வாழ்வதைக் கற்றுக்கொள்ள யாரும் காலேஜ் போவதில்லை அல்லவா?

முதல் ஆறு மாசம் அவனுக்கு வசனமே கொடுக்கவில்லை. நடக்கச் சொன்னார்கள். படுக்கச் சொன்னார்கள். மூச்சு எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். ஊருக்கு வந்தபோது, "எட்டாயிரம் ரூவா கட்டி நடக்கக் கத்துக்கிறேன்டா" என்றான். அப்புறம் வினைச்சொல் பயிற்சி. 'டீ சாப்டியா?' என்று ஒரே ஒரு வரி. அதைக் கெஞ்சுவதற்காகச் சொல்ல வேண்டும். விரட்டுவதற்காகச் சொல்ல வேண்டும். வேவு பார்க்க, மன்னிப்புக் கேட்க, அவமானப்படுத்த, நேரத்தைக் கடத்த. 'சோகமாகச் சொல்', 'கோபமாகச் சொல்' என்று ஆசிரியர் ஒருநாளும் சொன்னதில்லையாம். எதிரில் இருப்பவனை என்ன செய்யப் போகிறாய் என்றுதான் கேட்பாராம். சோகம் பெயர்ச்சொல், அதை யாராலும் நடிக்க முடியாது. கெஞ்சுவது வினை, அதைச் செய்ய முடியும். இதைக் கேட்டபோது எனக்கு முதல் தடவையாக அங்கே ஒரு பாடம் நடக்கிறது என்று பட்டது.

*

இரண்டாம் வருஷம் உயர்நிலை நடிப்பு என்று ஒரு தாள். அதில்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

மாணவர் நாடகம் ஒன்றில், குழந்தையைப் பறிகொடுத்த அப்பா வேஷம். எங்கள் வயசில் அவனுக்குக் குழந்தையும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஆனால் அவன் அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம். உணர்ச்சி நினைவு என்று ஒரு பயிற்சி இருக்கிறது. நடந்த துக்கத்தை நேராக நினைக்காமல், அந்த நாளின் புலன் விவரங்களைத் தேடிப் போவது: வாசனை, சத்தம், கையில் பட்ட துணி. அவன் தேடிப் போய்ப் பிடித்தது அப்பாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சலை. நம் ஊர்ப்பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

முதல் நாள் ஒத்திகையில் அவன் அழுததைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். மூன்றாம் நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் இன்னும் ஆழமாகத் தோண்டினான். வந்தது, ஆனால் காட்சி முடிந்த பிறகும் நிற்கவில்லை. அதற்கப்புறம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது. இரண்டு வாரம் தூக்கம் இல்லை. எனக்கு நடு ராத்திரி போன் செய்து ஒன்றும் பேசாமல் இருந்தான். நான், "டேய், அதான் மெத்தட் ஆக்டிங். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான்" என்றேன். அவனுக்கு தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆசிரியர் கவனித்துவிட்டார். ஒத்திகையை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தக் காட்சியில அந்த அப்பா என்ன வேலை செய்யறார்?" பிரதியில் இருந்தது இதுதான்: குழந்தையின் பள்ளிச் சீருடையை மடித்து வைக்கிறார். "அப்ப மடி. கசங்கல் இல்லாம மடி. அது மட்டும்தான் உன் வேலை."

மடித்தான். காலரை நேராக்கினான். சட்டைப் பையில் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தான். அது அவனாகச் செய்தது. அந்த இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள், அவன் அழவில்லை. நாடகம் மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் மடிக்க முடிந்தது. முடிந்ததும் மூன்று நாளும் பரோட்டா சாப்பிட முடிந்தது.

லீவுக்கு வந்தபோது பொம்மைக் கம்பெனியை வைத்தே எனக்கு விளக்கினான். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டி ஓர் அடுக்கு கெட்டிப்படும். தேவையான கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். "கொட்டாம உட்டா உள்ள முழுக்கக் கெட்டியாயிடும். காயறப்பவே வெடிப்பு உடும், இல்லன்னா சூளையில தெறிச்சிடும். உள்ள காலியா இருக்கிற பொம்மைதான் நெருப்பத் தாங்கும். நான் கொட்ட மறந்துட்டேன் மச்சான்."

*

இந்த விபத்து அவனுக்கு மட்டும் நடந்ததல்ல. நடிப்புக் கல்வியின் நூறு வருஷச் சண்டையே இதைச் சுற்றித்தான். மாஸ்கோ கலை அரங்கை 1898-இல் தொடங்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒரு கட்டத்தில் உணர்ச்சி நினைவைப் பெரிதாக நம்பினார். அந்தக் கட்டத்துப் பாடங்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதையே மையமாக்கினார். உலகம் 'மெத்தட்' என்று தெரிந்துகொண்டது அதைத்தான். ஆனால் 1934-இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துப் பல வாரம் பாடம் கேட்ட ஸ்டெல்லா ஆட்லர் திரும்பி வந்து, அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார் என்றார். இப்போது அவருக்கு முக்கியம் தரப்பட்ட சூழலும் உடல் செய்யும் செயலும்தான். செயலைச் சரியாகச் செய்தால் உணர்ச்சி தானாக வரும், வராவிட்டாலும் பார்ப்பவருக்குப் போய்ச் சேரும் என்றார். நண்பனின் ஆசிரியர் சீருடையை மடிக்கச் சொன்னது இந்த வழிதான்.

நம் சினிமாப் பேச்சில் இதில் எதுவும் வந்து சேரவில்லை. உடம்பைக் குறைத்தார், தாடி வளர்த்தார், செட்டில் யாரோடும் பேசவில்லை, அதனால் மெத்தட் ஆக்டர் என்கிறோம். பட்ட கஷ்டத்தை அளந்து நடிப்பின் தரம் என்கிறோம். சூளையில் தெறித்த பொம்மையைக் காட்டி, எவ்வளவு நெருப்பு பார் என்று மெச்சுவது மாதிரி.

*

எங்கள் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் கூத்து உண்டு. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது பக்கத்து ஊரில் துகிலுரிதல் பார்த்தது இன்னமும் கண்ணில் இருக்கிறது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம், அப்புறம் கிரீடத்தின் நுனி, அப்புறம் குரல். துரியோதனன் தன்னைப் பற்றிப் பாடுகிறான். ஆனால் 'நான் வந்தேன்' என்று பாடவில்லை. 'அவன் வந்தான்' என்று படர்க்கையில் பாடுகிறான். துரியோதன மகாராஜா எப்படி நடந்து வருகிறார், எப்படிப்பட்ட சபை, எப்படிப்பட்ட கர்வம் என்று வேஷம் கட்டினவரே வர்ணிக்கிறார். கட்டியங்காரன் குறுக்கே வந்து, யாரய்யா நீ என்று விசாரிக்கிறான். அதற்கப்புறம்தான் அவர் துரியோதனன் ஆகிறார்.

விடியப் போகிற நேரம் துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைக்க வேண்டும். திரௌபதியும் ஆண்தான், எங்களுக்குத் தெரிந்த ஆள்தான். ஆனாலும் கூட்டம் அசையவில்லை. கை வைக்கும் முன் கூத்து நின்றது. ஒரு தட்டில் கற்பூரம் வந்தது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த துச்சாதனன் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா, வேஷத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். பிறகு திரும்பினார். மிருதங்கம் விழுந்தது. அவர் கை சேலையைப் பிடித்தபோது என் பக்கத்தில் இருந்த ஆயா மண்ணை வாரித் தூற்றினாள்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் தான் துச்சாதனன் இல்லை என்று எங்கள் கண் முன்னாலேயே காட்டினார். ஒரு நிமிஷம் கழித்து ஆயாவுக்கு அவர் துச்சாதனனேதான். 'வாழ்வது' என்ற கணக்கில் இது நடக்கவே கூடாது. என் தொழிலில் பிரேக்பாயின்ட் என்று ஒன்று உண்டு. ஓடுகிற புரோகிராமை ஒரு வரியில் நிறுத்துவோம். எதுவும் அழியாது, எல்லா மதிப்பும் அப்படியே இருக்கும். பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஓட விடுவோம். அந்தக் கற்பூரம் அப்படித்தான். அவர் கட்டுப்பாட்டில்தான் எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டதால்தான் நாங்கள் பயப்படாமல் முழுசாக பயந்தோம்.

பெர்டோல்ட் பிரெக்ட் நடிகர்களுக்கு மூன்று பயிற்சி சொன்னார்: வசனத்தைப் படர்க்கையில் மாற்றிச் சொல், இறந்தகாலத்தில் சொல், மேடைக்குறிப்பையும் சேர்த்து வாய்விட்டுச் சொல். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் நடிப்பதைப் பார்த்தது அவருடைய சிந்தனையைக் கூர்மையாக்கியது. நண்பன் இதை வகுப்பில் கேட்ட அன்று எனக்கு மெசேஜ் அனுப்பினான்: 'டேய், இது நம்ம திரைப் பாட்டுடா.'

ஆனால் இதோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். அதே கூத்தில், அதே ராத்திரியில், நடிகர்களுக்கு ஆவேசம் வருவதும் உண்டு. வேஷக்காரர் கண் செருகி, பிடித்திருப்பவர்களை உதறித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதை 'விலகி நின்று காட்டுவது' என்று எந்த ஜெர்மன் கோட்பாட்டாலும் சொல்ல முடியாது. கூத்து இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. தள்ளி நின்று வர்ணிக்கலாம். முழுசாக உள்ளேயும் போகலாம். போனவரைத் திருப்பிக் கொண்டுவர ஆள் நிற்கிறது, தண்ணீர் இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது, மறுநாள் ராத்திரி வேறு ஊரில் ஆட்டம் இருக்கிறது. எவ்வளவு ஆழம் போனார் என்பதைவிட, திரும்பி வரும் வழியைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்பதுதான் தேர்ச்சி. உயர்நிலை நடிப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று நினைக்கிறேன்: போன வழியே திரும்புவது, நாளைக்கும் அதே இடத்துக்குப் போக முடிவது.

*

தமிழ்ப் பரப்பில் நடிப்பு பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதை ஒன்றும் பழையதில்லை. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்த சே. இராமானுஜம், 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, அதிலிருந்து வெளிப்பட்ட மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம், பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை என்று ஒரு கோடு. 1980களின் இறுதியில் இந்திரா பார்த்தசாரதியைக் கொண்டு புதுவைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட நாடகப் பள்ளி இன்னொன்று. 'பலி ஆடுகள்' எழுதிய கே.ஏ. குணசேகரன் பின்னாளில் அங்கே ஆசிரியராக இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை. இவர்கள் யாருமே கூத்தை ஒதுக்கியவர்கள் இல்லை. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய் நின்றார். இராமசாமி தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ச்சி செய்தார். குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டிலிருந்தே வந்தவர்.

புதுவைப் பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1867-இல் தூத்துக்குடியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் இறந்தவர். அவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். நளன் கதையில் சனீஸ்வரன் வேஷம் போட்டு ஆடி முடித்து, விடிகாலையில் வேஷத்தைக் கழுவக் குளத்துக்குப் போனார். அங்கே வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ந்து விழுந்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் நடிப்பதை விட்டுவிட்டு, நாடகம் எழுதவும் பையன்களைப் பழக்கவும் போனார் என்பது கதை. பெரும்பாலும் இதை அவர் நடிப்பின் உக்கிரத்துக்குச் சாட்சியாகத்தான் சொல்கிறார்கள். நம்முடைய முதல் 'வாழ்ந்திருக்கிறார்' இதுதான் போலிருக்கிறது. எனக்கு இது வேறு மாதிரி கேட்கிறது. மேடையில் ஆயிரம் பேர் அந்தச் சனியைப் பார்த்தார்கள், யாரும் விழவில்லை. திரை இல்லாத, கட்டியங்காரன் இல்லாத, கற்பூரம் இல்லாத குளத்தங்கரையில்தான் ஒருத்தி விழுந்தாள். வேஷம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. கதை உண்மையோ இல்லையோ, அதற்கப்புறம் ஒருவர் வாத்தியாராகிறார் என்பது பொருத்தமாக இருக்கிறது. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டவர்தானே சொல்லித்தர முடியும்?

குறை இருக்கிறது, சொல்ல வேண்டும். நண்பனின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். 'நடிப்புக் கோட்பாடுகள்' என்ற தாளில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, மேயர்ஹோல்ட், பிரெக்ட், க்ரோட்டோவ்ஸ்கி. 'நாட்டார் அரங்கு' என்ற தாளில் கூத்து. அதுவும் அடவு, கிறுக்கி, ஒப்பனை, இசைக்கருவி என்று செய்முறையாக. அதாவது வெள்ளைக்காரர்களுக்குச் சிந்தனை, நமக்கு உடம்பு. படர்க்கையில் ஏன் பாடுகிறார்கள், கற்பூரம் எதற்கு, ஆவேசம் வந்தவரை எப்படித் திருப்புகிறார்கள் என்பதெல்லாம் நடிப்பைப் பற்றிய தீர்க்கமான எண்ணங்கள். அவை கோட்பாட்டுத் தாளில் இல்லை. கூத்து வாத்தியார் பத்து நாள் பட்டறைக்கு வருகிறார், அடவு சொல்லித் தருகிறார், சால்வை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறார். "ஏன் வாத்தியாரே அந்த எடத்துல நிறுத்துறீங்க?" என்று அவரிடம் யாரும் கேட்டதாகக் குறிப்பில் இல்லை. நண்பன் தன் தொந்தரவை ஃப்ரீசர் பெட்டியோடு ஹாஸ்டலுக்குத் தூக்கிப் போன அந்த இரண்டு வாரத்தில், அதற்கான மருந்து பக்கத்து அறையில் 'செய்முறை' என்ற லேபிளோடு இருந்திருக்கிறது.

*

சரி, எழுதுகிற நாம் என்ன செய்யலாம்?

சொல் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. பம்மல் சம்பந்த முதலியார் நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தமிழில் தனி நூலே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களம், ஆக முப்பத்திரண்டு. பள்ளியில் பட்டியலாக மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். அதில் அழுகை என்பது ஒற்றை உணர்ச்சி இல்லை. ஒன்றை இழந்ததால் வருகிற அழுகை, இகழப்பட்டதால் வருவது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது, வறுமையால் வருவது என்று நான்கு. உள்ளே என்ன கொதிக்கிறது என்பதை அது கேட்கவில்லை. எதனால், மெய்யில் என்ன தெரிகிறது என்று கேட்கிறது. தரப்பட்ட சூழல் என்று ஆட்லர் பாரிஸிலிருந்து கொண்டுவந்ததற்கு இது ரொம்பத் தூரம் இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004). கூத்துப்பட்டறையில் பல வருஷம் இருந்த பசுபதி அதில் கொத்தாளத் தேவர். படம் ஒரே சம்பவங்களை இரண்டு முறை சொல்கிறது: முதலில் கொத்தாளன் சொல்லும்படி, பிறகு விருமாண்டி சொல்லும்படி. பசுபதி 'கொத்தாளனாகவே வாழ்ந்தார்' என்று அந்தக் காலத்தில் எழுதினவர்கள் உண்டு, நானும் பேசியிருக்கிறேன். எந்தக் கொத்தாளனாக? அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் தன்னைத் தானே விவரிக்கிற கொத்தாளன்; தடுக்கிறான், பொறுத்துப் போகிறான், நியாயம் பேசுகிறான். இன்னொருவன் எதிரியின் ஞாபகத்தில் இருக்கிற கொத்தாளன். தூண்டுகிறான், கணக்குப் போடுகிறான், பிறர் கையால் காரியம் முடிக்கிறான். மீசை அதே, வேட்டி அதே, குரல் அதே. மாறுவது வினைச்சொல் மட்டும். இரண்டு பாதியிலிருந்தும் ஒரே சம்பவத்தை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு அடுத்தடுத்துப் பாருங்கள். பேசுவதற்கு முன்னால் பார்வை யாரிடம் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு மனிதனாக வாழ்ந்து இதைச் செய்ய முடியாது. இரண்டையும் வெளியே நின்று பார்க்கிற மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று 'அவன் வந்தான்' என்று பாடுகிறவர்தான் அந்த மூன்றாவது ஆள்.

அதே பசுபதி 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியார். சைக்கிள் மீமை எல்லாரும் பார்த்திருப்போம். கபிலன் மிதிக்கிறான், வாத்தியார் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த முதுகு வளைகிறதா, நிமிர்ந்தே இருக்கிறதா? ஒரு மீம் லட்சம் பேரைச் சிரிக்க வைத்ததற்குக் காரணம் அவர் அங்கே ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தது. ஒன்றுமே செய்யாமல் உட்காருவதைத்தான் நண்பன் ஆறு மாசம் படித்தான்.

'வாழ்ந்திருக்கிறார்' என்பது பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் நடிகரின் உழைப்பை அழித்துவிடுகிற சொல். வாழ்வது யாருக்கும் தானாக வருவது. அதற்குப் பயிற்சி வேண்டாம், கூலி வேண்டாம், வாத்தியார் வேண்டாம். நாம் அப்படி எழுதுகிற வரைக்கும், நடிப்புக்கு எதுக்குடா காலேஜி என்று கேட்ட அம்மாவிடம் பதில் சொல்ல நமக்கு வாய் கிடையாது.

*

நண்பன் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறான். நடுவில் ஆடிஷனுக்கும் போவான். போன மாசம் ஒரு இடத்தில், "அழுது காட்டுங்க" என்றார்களாம்.

"எந்த அழுகை சார்? எதையாவது பறிகுடுத்ததா, அவமானப்பட்டதா?"

"தம்பி, டைம் இல்ல. சும்மா அழுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்கில் எது என்று அவன் சிரிப்பில் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி என் பழைய கட்டுரையைத் திறந்தேன். அந்த வாக்கியத்தை அடித்தேன். அந்தக் காட்சியைச் சத்தம் இல்லாமல் மூன்று தடவை பார்த்துவிட்டு அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'மகன் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லும்போது இவர் அவனைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார். அவன் பேசி முடித்த பிறகும் ஒரு கோடு இழுக்கிறார். அப்புறம்தான் கை கழுவ எழுகிறார்.'

நண்பனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: 'இப்ப சரி. மொத்தம் எத்தன கோடு?'

எண்ணவில்லை. மறுபடி பார்க்க வேண்டும்.